லண்டனில் மூன்று நாள்: பளிங்குச் சிலைகளும் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தியும்

1993 ஒக்டோபரில் நான் பாரிசிலிருந்து லண்டனுக்குப் போனேன். சிலைகள் பார்க்கப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அறைகள் துப்புரவாக்கும் வேலை செய்த ஹோட்டலிலும் அதையே சொல்லித்தான் ஐந்து நாள் விடுமுறை கேட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வசந்தி எழுதிய ஒரு கடிதம்.

போன மாதம் இந்த வலைப்பூவின் வாசகர் ஒருவர், இங்கிலாந்தின் பழைய சிற்பங்களைப் பார்க்க ஆசை, லண்டனில் மூன்று நாள்தான் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தபோது அந்தப் பயணத்தின் குறிப்புக் கொப்பியைத் தேடி எடுத்தேன். நேரம், தூரம், கட்டணம் எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கின்றன. வியாழக்கிழமைப் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அந்த நாளின் ஒவ்வொரு நிமிடமும் நினைவில் இருக்கிறது, அதை இப்போதுதான் நிரப்புகிறேன்.

வசந்தியும் நானும் யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சியின்போது சித்திரமும் சிற்பமும் ஒன்றாகப் படித்தவர்கள். களிமண் வேலையில் நான்தான் முதலாவது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, புள்ளிப் பட்டியல் அப்படி இருந்தது. நான் செய்த ஒரு குழந்தையின் தலையை பயிற்சிக் கல்லூரி அதிபர் தன் மேசையில் வைத்திருந்தார். வசந்தி செய்யும் தலைகள் சூளையில் வெடிக்கும். மண்ணுக்குள் காற்று நிற்காமல் எப்படிப் பிசைவது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான். பிறகு நாடு எங்களைத் தூக்கி எறிந்தது. அவள் லண்டனில் விழுந்தாள், நான் பாரிசில் விழுந்தேன். ஆளுக்கொரு கலியாணம், ஆளுக்கொரு ஷிப்ட் வேலை.

அந்தக் கடிதத்தில் அவள் எழுதியிருந்தது இதுதான். இரண்டு வருடமாகப் பின்னேர வகுப்பில் கல் செதுக்கப் படித்திருக்கிறாள். தேவாலயங்களில் உடைந்துபோன பழைய சிலைகளையும் கல்லறைச் சிற்பங்களையும் திருத்தும் பட்டறை ஒன்றில் அவளை வேலைக்குச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் எழுத்துப்பிழை தேடி வாசித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் சிற்பிகளின் பெயர்கள் இருக்காது. ஒவ்வொரு சிலைக்கும் அருகில் ஒரு பலகை உண்டு, அங்கே படித்துக்கொள்ளலாம். பெயரைத் தேடிப் போனால் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம். என் அனுபவம் அது.

செவ்வாய்க்கிழமை காலை 9.30க்குப் பாரிசில் பஸ் ஏறினேன். போய் வர 420 பிராங். கலேயில் பஸ்ஸோடு கப்பலில் ஏற்றி ஒன்றரை மணித்தியாலத்தில் டோவரில் இறக்கினார்கள். கடலுக்குக் கீழே சுரங்க ரயில் அப்போது இன்னும் ஓடத் தொடங்கவில்லை. டோவரில் குடிவரவு அதிகாரி என் பயணப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டார்.

"சிலைகள் பார்க்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மழை பெய்யும்" என்று சொல்லி முத்திரை குத்தினார். விக்டோரியா பஸ் நிலையத்தில் இறங்கும்போது மாலை 5.50. கிட்டத்தட்ட ஒன்பதரை மணித்தியாலப் பயணம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப மறக்க வேண்டாம்.

வசந்தி வந்து காத்து நின்றாள். என்னைக் கட்டிப்பிடித்தபோது அவளுடைய உள்ளங்கை என் கழுத்தில் உரசியது. உப்புத்தாள் மாதிரி இருந்தது. எனக்கு முதல் எரிச்சல் அந்த இடத்தில், பஸ்ஸின் புகைக்குள் நின்றபோதே வந்துவிட்டது. என் உள்ளங்கையும் சொரசொரப்புத்தான், ஆனால் அது துப்புரவுத் திரவத்தால் வந்தது. நானும் ஆறு வருடமாகப் பளிங்கோடு வேலை செய்துகொண்டிருந்தேன். ஹோட்டல் குளியலறைகளில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வீடு வால்தம்ஸ்டோவில். விக்டோரியா பாதாள ரயிலில் ஏறினால் மாறாமல் கடைசி நிறுத்தம் வரை போகலாம், முப்பது நிமிடம். நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. அவளுடைய கணவர் நாதன் அண்ணை சோறும் கணவாய்க் கறியும் சமைத்து வைத்திருந்தார். முன்னறை ஜன்னல் ஓரத்தில் வெள்ளைச் சுண்ணக்கல்லில் செதுக்கிய ஓர் இலை இருந்தது. ஓரங்கள் சுருண்டு, நரம்புகள் புடைத்து, இப்போதுதான் பறித்துப் போட்டதுபோல இருந்தது.

"வகுப்பிலை செய்தது. நல்லா வரேல்லை. இந்த நுனியிலை கொஞ்சம் கூட வெட்டிப்போட்டன்" என்றாள் வசந்தி.

"ஓம், தெரியுது" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இலையில் ஒரு பிழையும் இல்லை.

புதன்கிழமை வசந்தி லீவு எடுத்திருந்தாள். இருவரும் சவுத் கென்சிங்டனில் இருக்கும் அந்தப் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். விக்டோரியாவில் மாறி இரண்டு நிறுத்தம். உள்ளே போகும்போது விரும்பியதைப் பெட்டியில் போடலாம் என்று எழுதியிருந்தது, ஆளுக்கு இரண்டு பவுண் போட்டோம். இங்கிலாந்துச் சிற்பத்தைத் தெரிந்துகொள்ள வேறு எங்கும் போகாவிட்டாலும் இங்கே அரை நாள் ஒதுக்குங்கள்.

அங்கே நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஓர் இசையமைப்பாளரின் பளிங்குச் சிலை. பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் வைப்பதற்காக 1738இல் செய்தது. அதுவரை அரசர்களையும் தளபதிகளையும்தான் அவ்வளவு பெரிதாகச் செய்வார்கள். இவரோ வீட்டில் போடும் அங்கியோடு, தலையில் மெத்தென்ற தொப்பியோடு, ஒரு செருப்பு கழன்று கிடக்கச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். அங்கியின் மடிப்பைப் பார்த்தால் தொட்டுச் சரிசெய்யத் தோன்றும்.

இதைச் செய்தவர் பிரான்சின் லியோன் நகரத்தவர். வேலை தேடிக் கடல் கடந்து வந்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய சிற்பிகளில் பலர் இப்படி வந்தவர்கள்தான். புளோரன்சிலிருந்து வந்தார்கள், அன்ட்வர்ப்பிலிருந்து வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் புறுபுறுத்திருக்கிறார்கள். வந்தவர்களும் தங்களுக்குள் புறுபுறுத்திருக்கிறார்கள். அன்ட்வர்ப்பிலிருந்து வந்த இருவரின் கதையை வசந்தி சொன்னாள். முதலில் வந்தவர் கொடிகட்டிப் பறந்தாராம். இரண்டாமவர் குறைந்த விலைக்குச் செய்து கொடுத்து, ஒரே ஒரு சிலையால் பேரெடுத்து, முதலாமவரின் வாடிக்கைக்காரரை எல்லாம் தன் பக்கம் இழுத்துவிட்டாராம்.

"பாவமடி அந்த மனிசன். வயசு போன நேரத்திலை கொஞ்சக் காலம் கடதாசியிலை படம் கீறிக்கொண்டே இருந்திருக்கிறார், செதுக்க வேலை இல்லாமல்" என்றாள்.

அவள் அந்த இசையமைப்பாளரின் சிலைக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து, என்னையும் கூப்பிட்டாள். "இஞ்சை பார். முதல் துளை போட்டிட்டுத்தான் உளியை விட்டிருக்கிறார். மடிப்புக்குள்ளை சின்னச் சின்னக் குழி தெரியுதே? முன்னுக்கு எல்லாத்தையும் தேய்ச்சு அழிச்சிட்டார். பின்னுக்கு ஆர் பாக்கப் போகினம் எண்டு விட்டிட்டார்."

காவலுக்கு நின்ற முதியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் சிற்பியா?" என்று வசந்தியிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அவள் வெட்கப்பட்டு, இல்லை, படிக்கிறேன், நாளை மறுநாள் ஒரு பட்டறையில் சோதிக்கிறார்கள் என்றாள். அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நான் அந்த நேரம் பக்கத்திலிருந்த பலகையை வாசிப்பதுபோல நின்றேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை. வசந்தி ஒரு சான்ட்விச் பொதியிடும் தொழிற்சாலையில் காலை ஆறிலிருந்து பதினொரு மணிவரை ஷிப்ட் செய்தாள். நாதன் அண்ணையும் வேலைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குப் புனித பவுல் பேராலயத்தின் படிகளில் வசந்தியைச் சந்திப்பதென்று ஏற்பாடு. நான் தனியே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. 9.20.

பேசியது ஒரு பெண். பட்டறையிலிருந்து பேசுகிறேன் என்றாள். சோதித்துப் பார்க்க வேண்டியவர் நாளைக்கு அவசரமாக வெளியூர் போகிறார், அதனால் நாளை காலை பத்து மணிக்குப் பதிலாக இன்று பிற்பகல் இரண்டரைக்கு வரச்சொல்லுங்கள், தயவுசெய்து தகவலைச் சேர்த்துவிடுங்கள். மெதுவாக, இரண்டு தரம் சொன்னாள். என் ஆங்கிலம் மோசம்தான், ஆனால் விளங்கவில்லை என்று என்னையே நான் ஏமாற்ற இடமில்லை. நான் அதை ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் எழுதினேன். "நிச்சயமாகச் சொல்கிறேன்" என்றும் சொன்னேன்.

வசந்தியின் தொழிற்சாலை இலக்கம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். பிறகு முன்னறைக்குப் போய் அந்தக் கல் இலையைக் கையில் எடுத்தேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. கீழே போட்டால் உடையும். போடவில்லை. திரும்ப வைத்துவிட்டு, கடதாசித் துண்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். பன்னிரண்டு மணிக்கு நேரிலேயே சொல்லலாம், அப்போதும் நேரம் இருக்கிறது என்று வழி முழுக்க எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

வால்தம்ஸ்டோவிலிருந்து ஒக்ஸ்போர்ட் சர்க்கஸ் போய், சென்ட்ரல் பாதைக்கு மாறினால் பேராலயத்தின் வாசலருகிலேயே வெளியே வரலாம். எல்லாமாக நாற்பது நிமிடம். வசந்தி படிகளில் உட்கார்ந்து தொழிற்சாலைச் சான்ட்விச் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாதியை எனக்குத் தந்தாள். நான் தின்றேன். சொல்லவில்லை.

உள்ளே போக இரண்டரைப் பவுண். தெற்கு நடைபாதையில் ஒரு பளிங்கு மனிதர் பிணச்சீலையைச் சுற்றிக்கொண்டு, ஒரு தாழியின் மேல் நிற்கிறார். பாதிரியாராகவும் கவிஞராகவும் இருந்தவர். சாகுமுன்னரே இப்படிச் சீலை சுற்றி நின்று தன்னை வரைவித்தார் என்று சொல்வார்கள். செதுக்கியவர் உள்ளூர்க்காரர், கல் உடைப்பவரின் மகன். பழைய பேராலயம் 1666இல் தீயில் எரிந்தபோது முழுதாகத் தப்பியது இந்தச் சிலை ஒன்றுதான். தாழியில் கருகிய தடம் இப்போதும் தெரியும்.

அதற்குப் பிறகு வருவது போரில் இறந்த தளபதிகளின் கூட்டம். கிரேக்க, ரோமானியச் சிற்பங்களில் எல்லோரும் மயங்கிக் கிடந்த காலத்து வேலை. ஒரு கடற்படைத் தலைவர் ஏறக்குறைய ஒன்றும் உடுக்காமல் நின்று வெற்றித் தேவதையிடம் வாள் வாங்குகிறார். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"குளிராதே இவருக்கு? கப்பலிலையும் இப்படித்தான் நிண்டவரோ?"

நானும் சிரித்தேன். மணி 12.50. இப்போது சொன்னால் அவள் ஆறுதலாகப் போய்ச் சேருவாள். அவள் சிரித்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்து முடிந்ததும் அவள் தளபதியின் முழங்காலை விளங்கப்படுத்தத் தொடங்கினாள். அந்த விளக்கம் மிக நன்றாக இருந்தது. அதனாலேயே நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து 11ஆம் இலக்கப் பஸ் எடுத்தோம். பின்பக்கம் திறந்த பழைய சிவப்பு பஸ். கண்டக்டர் கரிபியன் நாட்டவர். எங்கே என்று கேட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் அபி என்றோம்.

"வேலைநாளில் ஊர் பார்க்கிறீர்கள். கொடுத்து வைத்தவர்கள்" என்றார்.

"இவள் நாளைக்கு வேலைக்குச் சோதனைக்குப் போகிறாள்" என்று என் வாய் சொன்னது. நாளைக்கு என்று அவ்வளவு சுலபமாக வந்தது. வசந்தி என் தோளில் சாய்ந்தாள். நெரிசலில் பஸ் ஊர்ந்தது. இரண்டு மைல் போக முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. அபியின் வாசலில் இறங்கும்போது 1.40.

அரசர்களை அடக்கம் செய்த இந்த அபித் தேவாலயத்தில் நடுக்கூடம் அப்போது இலவசம், கிழக்குப் பக்கத்துக்கு மூன்று பவுண். கிழக்குக் கோடித் தேவாலயத்தில் ஓர் அரசனும் அரசியும் பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கிறார்கள். செய்தவர் புளோரன்ஸ்காரர். இங்கிலாந்துக்குள் இத்தாலிய மறுமலர்ச்சி காலடி வைத்தது இந்தக் கல்லறையோடுதான் என்பார்கள். வசந்தி கம்பி வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு அவருடைய கதையைச் சொன்னாள். இளவயதில் அவர் ஒரு பையனோடு ஒன்றாகப் படித்தாராம். அந்தப் பையன் இவரைவிடக் கெட்டிக்காரன். ஒருநாள் வாய்த்தர்க்கம் வந்து அவன் மூக்கில் ஓங்கிக் குத்தி எலும்பை உடைத்துவிட்டாராம். பிறகு ஊரில் இருக்க முடியாமல் போய்விட்டது. மூக்குடைந்தவன் உலகத்திலேயே பெரிய சிற்பியானான்.

"அவ்வளவு எரிச்சலோடை இருந்த மனிசன் இவ்வளவு அமைதியா ரெண்டு முகம் செய்திருக்கிறார், பார்" என்றாள்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். 2.05.

பிறகு வடக்குப் பக்கம் வந்தோம். அங்கே ஒரு சிறிய தேவாலய அறையில்தான் அந்த எலும்புக்கூடு இருக்கிறது. அந்த லியோன்காரர் செய்தது. கீழே ஓர் இரும்புக் கதவு பாதி திறந்திருக்கிறது. அதற்குள்ளிருந்து சாவு, கிழிந்த சீலை போர்த்திய எலும்புக்கூடாக ஊர்ந்து வெளியே வந்து, மேலே இருக்கும் ஓர் இளம் பெண்ணைப் பார்த்து ஈட்டியைக் குறிவைக்கிறது. அவள் துவண்டு சாய்கிறாள். கணவன் அவளை ஒரு கையால் தாங்கி, மறுகையால் ஈட்டியைத் தடுக்கப் பார்க்கிறான். ஒருமுறை திருட வந்தவன் நிலவொளியில் இதைக் கண்டு, கொண்டுவந்த இரும்புக் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினானாம். நம்பலாம்.

வசந்தி அந்த ஈட்டியின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"றெஜி, நாளைக்கு என்னோடை வாறியே? எனக்குக் கை நடுங்கும் எண்டு பயமாக் கிடக்கு. நீ வெளியிலை சும்மா நிண்டாலே காணும். மண்ணைப் பிசையக் காட்டித் தந்தது நீதானே. நீ நிண்டா எனக்குத் தெம்பு."

நான் கைப்பையைத் திறந்து கடதாசித் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள். திரும்ப வாசித்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். 2.20.

"இது எப்ப வந்தது?"

"காலமை. ஒன்பது இருபதுக்கு."

"மறந்து போனியே?"

அவளே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். நான் அதற்குள் புகுந்தேன். "ஓம். மறந்துபோனன்."

அவள் கடதாசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடத் தொடங்கினாள். நானும் பின்னால் ஓடினேன். தேவாலயத்துக்குள் ஓடாதீர்கள் என்று கறுப்பு அங்கி போட்ட ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பட்டறை ஆற்றுக்குத் தெற்கே கெம்பர்வெல்லில், ரயில் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே இருந்தது. விண்ணப்பம் கொடுக்க ஒருமுறை போயிருந்ததால் அவளுக்கு இடம் தெரியும், பிந்தும் என்று அறிவிக்கலாமென்றால் தொலைபேசி இலக்கம் வீட்டில் இருந்தது. கறுப்புத் தாக்சி ஒன்றை மறித்து ஏறினோம். இரண்டரை மைல். பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன.

"எங்கடை வகுப்பிலை ஆரின்ரை பிறந்தநாளையும் நீ மறக்கிறேல்லை" என்றாள் வசந்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "தவணைப் பரீட்சைக்கு ஆருக்கு எத்தினை மார்க்ஸ் எண்டு இப்பவும் சொல்லுவாய்."

நான் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினேன்.

"என்னைப் பாத்துச் சொல்லு றெஜி. மறந்தனியே?"

"இல்லை. மறக்கேல்லை."

"பேராலயத்திலை சிரிச்சுக்கொண்டு நிண்டமே, அப்பவும் தெரியும் என்ன?"

"ஓம். தெரியும்."

"ஏனடி?"

"எனக்கு ஏலாமல் போச்சு. நீ செதுக்கிறதை என்னாலை பாக்க ஏலாமல் இருந்தது. நான்தானே உன்னைவிடக் கெட்டிக்காரி."

அப்படியேதான் சொன்னேன். அதைவிட நல்ல காரணம் ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கைகள் இரண்டையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். நடுக்கத்தை நிற்பாட்டத்தான் அப்படிச் செய்தாள் என்று பிறகு விளங்கியது. சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"யாருக்காவது சுகமில்லையா? ஆஸ்பத்திரிக்கா போக வேண்டும்?"

"இல்லை. வேலைக்கு. கொஞ்சம் கெதியாகப் போங்கள்" என்றாள்.

2.55க்குப் போய்ச் சேர்ந்தோம். இருபத்தைந்து நிமிடம் பிந்தி. தாக்சிக்கு ஆறு பவுண் நாற்பது. நான் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவள் உள்ளே போய்விட்டாள்.

பட்டறைக்கு வெளியே மரத்தட்டுகளில் கல் துண்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ரயில்கள் போயின. ரயில் இல்லாத நேரங்களில் உள்ளேயிருந்து உளியின் சத்தம் கேட்டது. முதலில் தட்டுத்தடுமாறியது. இரண்டு அடி, நிறுத்தம், ஓர் அடி, நிறுத்தம். அவளுக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்தது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் சீராகியது. ஒரே அளவு இடைவெளி, ஒரே அளவு பலம். நெஞ்சு நிறைந்து போனது என்று எழுத ஆசைதான். ஆனால் தொடக்கத்தில் அது தடுமாறியபோது எனக்குள் ஏதோ ஆறுதல் அடைந்தது. சீரானபோது மறுபடி எரிந்தது. இரண்டும் உண்மை.

ஐந்து மணிக்கு வெளியே வந்தாள். கண் இமைகளில் வெள்ளைத் தூசி. "அறிவிக்கினமாம்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் ஒன்றாகத்தான் போனோம், ஆனால் அவள் வேறு வரிசையில் போய் இருந்தாள். நாதன் அண்ணை எப்படி நடந்தது என்று கேட்டார்.

"நாளைக்கு எண்டதை இண்டைக்கு எண்டு மாத்திப்போட்டினம். கொஞ்சம் பிந்திப் போனன்" என்றாள். என் பெயரை எடுக்கவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனாள். நான் தனியே மறுபடி சவுத் கென்சிங்டனுக்குப் போய் அந்தச் செருப்புச் சிலைக்கு முன்னால் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலை என்னைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டது நாதன் அண்ணை. வசந்திக்குத் தலையிடி என்றார்.

பத்து நாளுக்குப் பிறகு பாரிசுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். "இல்லையெண்டிட்டினம். காரணம் ஒண்டும் எழுதேல்லை." பிந்திப் போனதாலா, முதல் அரை மணித்தியாலத்தின் நடுக்கத்தாலா, அல்லது அவளைவிட நல்லவர் யாரும் வந்தார்களா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அவளிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. நான் நான்கு எழுதினேன். நான்காவதில்தான் சாக்குப்போக்கு இல்லாமல் மன்னிப்புக் கேட்டேன்.

1996 வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வந்தாள். வேறொரு பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். "உனக்குச் சொல்லாமல் விடுவம் எண்டுதான் நினைச்சனான். ஆனால் எங்கடை ஆக்களிலை வேற ஆருக்கு இது என்னெண்டு விளங்கும்?" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நான் எழுதிய கட்டணங்கள் அந்தக் காலத்துக்கு உரியவை. பேராலயத்துக்கும் அபிக்கும் இப்போது கட்டணம் எத்தனையோ மடங்கு கூடிவிட்டது, முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போங்கள். அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்கள் இலவசம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள், கண் மரத்துப்போகும். முதல் நாள் அருங்காட்சியகம், அடுத்த நாள் காலையில் பேராலயம், மூன்றாம் நாள் அபி என்று வைத்துக்கொண்டால் நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு இருப்பதால் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். எந்தச் சிலைக்கும் பின்னால் போக இடமிருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். குந்தியிருந்தும் பாருங்கள். நேரம் மிஞ்சினால் நகரத்தின் பழைய வட்டாரத்துக்குள் இருக்கும் சின்னத் தேவாலயங்களுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். காசு இல்லை, கூட்டமும் இல்லை.

1998 ஓகஸ்டில், சுரங்க ரயில் வந்த பிறகு, நான் மூன்று மணித்தியாலத்தில் லண்டனுக்குப் போய் இறங்கினேன். வசந்தி என்னை அப்படியொரு சின்னத் தேவாலயத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் ஒரு பளிங்குப் பெண், சாம்பல் தாழி ஒன்றின் மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்து, தலை குனிந்து நிற்கிறாள். இருநூறு வருடத்து வேலை.

"பத்து விரலிலை ஒண்டு என்ர" என்றாள் வசந்தி. "பழசு உடைஞ்சு காணாமல் போச்சுது. எது எண்டு சொல்லு பாப்பம்."

நான் கிட்டப் போனேன். மூக்கு முட்டும் வரை போனேன். பொருத்திய இடத்தில் ஒரு மயிரளவு கோடாவது இருக்கும் என்று தேடினேன். கல்லின் நிறம் மாறும் இடத்தைத் தேடினேன். இடது சின்ன விரலைக் காட்டினேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். வலது சுட்டுவிரலைக் காட்டினேன். அதுவும் இல்லை. மூன்றாம் தரமும் பிழைத்தது.

"உன்னாலையும் கண்டுபிடிக்க ஏலாது எண்டால் என்ர வேலை சரி" என்றாள் வசந்தி.

எனக்கு எரிந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னர் எரிந்த அதே இடத்தில், அதே அளவு எரிந்தது. இந்தமுறை அதை அவளிடமே சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு தன் பையிலிருந்து சின்ன ரோர்ச் லைட் ஒன்றை எடுத்து என்னிடம் தந்து, "வடிவாப் பார், நேரம் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, பின்வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தாள். கதவு பூட்டும்வரை நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.